காரை வீட்டில் விட்டுவிட்டு

நெய்வேலி டவுன்ஷிப்பில் கார் வைத்திருப்பவருக்கு ஒரு சங்கடம். ரோடு அகலமாக இருக்கிறது, மரநிழல் இருக்கிறது, போவதற்குத் தூரம்தான் இல்லை. வண்டி வேப்பமரத்தடியில் காக்கை எச்சம் வாங்கிக்கொண்டு நிற்கும்.

அதைத் தொடாமல் சனி, ஞாயிறு சென்னை பார்ப்பது என்று ஒரு குடும்பம் தீர்மானித்தால் முதல் கேள்வி இப்படி வரும்: "ஏங்க, விருத்தாசலம் ஸ்டேஷன் வரைக்கும் கார்லயே போயிடலாமா?"

எழும்பூரில் இறங்கிவிட்டால் சிரமமில்லை. 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் நடக்கிற தூரம்தான். வெள்ளிதான் விடுமுறை, நாம் போவதோ சனி. பிறகு கபாலீஸ்வரர். மின்சார ரயிலில் ஏறி 'பூங்கா'வில் இறங்கி, அங்கிருந்து 'பூங்கா நகர்' நிலையத்துக்கு நடந்து, பறக்கும் ரயிலில் திருமயிலை போகலாம். அந்த நடை, கையில் பையும் தோளில் குழந்தையுமாக, தனியாக டிக்கெட் கேட்காத சாகசச் சுற்றுலா.

பஸ் என்றால் கணக்கு வேறு. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். அம்மாவும் மகளும் மகாராணிகளாக ஜன்னலோரம் உட்கார, அப்பா கண்டக்டரிடம் சில்லறைக்கு மன்றாடுவார். போன மானத்தை மெட்ரோவில் மீட்கப் பார்ப்பார்: "1962-லேருந்து தமிழ்நாட்டுக்கே கரண்ட் குடுக்கற ஊர்க்காரங்க நாங்க!" பெட்டி முழுக்கக் கேட்கும். ஒருத்தரும் எழுந்து இடம் தரமாட்டார்கள்.