பச்சைத்துணிப் படலம்: ஒரு திணைவழி ஆய்வு

வீட்டுக்குள் பச்சைத்துணி கட்டி, அதன் முன் நின்று பேசி, பிறகு துணியை அழித்துவிட்டுப் பின்னால் பனிமலையை நட்டுக்கொள்ளும் கலைக்குச் செய்முறைக் காணொளிகள் ஏராளம். இலக்கணம்தான் இல்லை. அக்குறை போக்கவே இவ்வாய்வு. இதன் முதற்பொருள் நிலமும் பொழுதும், கருப்பொருள் துணி, உரிப்பொருள் வீட்டாருடன் ஊடல்.

முன்னோர் கட்டியது நீலம். 1940இல் வந்த ‘தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்தில் லாரி பட்லர் நீலத்திரையைக் கையாண்டு ஆஸ்கர் பெற்றார். (அதில் நடித்த சாபு, மைசூர்ச் சீமை யானைப்பாகனின் பிள்ளை. நம் ஆளுக்கு இத்துறையில் மூத்த உரிமை உண்டு.) நீலம் பச்சையானதற்குப் பெருங்காரணம் டிஜிட்டல் கேமரா. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டியில் நான்கு கட்டத்துக்கு இரண்டு பச்சை. சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா ஒன்று. பெரும்பாலான செல்போன்களிலும் அதன் வழிவந்ததே இருக்கிறது. பச்சைக்கு மட்டும் இரண்டு ஓட்டு.

இனி நிலம். துணிக்கும் ஆளுக்கும் ஐந்தாறு அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. பத்துக்குப் பத்து அறையில் கட்டிலும் பீரோவும் போக மிஞ்சும் இடத்தில், ஆள் துணியில் சாய்ந்தபடிதான் நிற்க முடியும். அப்போது நிழல் விழும்; துணியின் பச்சை காதிலும் கழுத்திலும் ஏறும். படிய எண்ணெய் வைத்து வாரிய தலையில் பச்சை விளிம்பு கட்டும்.

பொழுதைக் குக்கர் விசிலும் கீரைக்காரர் ஒலிபெருக்கியும் தீர்மானிக்கின்றன. ஆனால் அறிஞரைப் பிளவுபடுத்துவது மின்விசிறி. போட்டால் துணி அலையும், முடி பறக்கும், மைக்கில் காற்று இரையும். நிறுத்தினால் வியர்த்து நெற்றி பளபளக்கும். டேபிள் ஃபேனைத் தரையில் வைத்துக் காலுக்கு மட்டும் காற்று விடலாம் என்னும் மூன்றாம் தரப்பே எமக்கு உடன்பாடு. பழைய சோக் டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்தாவிட்டால் படத்தில் பட்டை ஓடும்.

துணி என்றதும் யாவர் கண்ணும் அம்மாவின் பீரோவுக்குப் போகிறது. பட்டு ஆகாது, மினுங்கும். மயில்கழுத்து நிறப் பட்டோ ஊடும் பாவும் வேறு நிறமாதலால் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம். மென்பொருள் எதைத்தான் அழிக்கும்? ரவிக்கைக்கு வைக்கும் காட்டன் லைனிங் போதும். அயர்ன் செய்து, கொடியில் இழுத்து, துணி கிளிப்பை நெருக்கமாகப் போட வேண்டும். மடிப்பு விழுந்த இடம் கரும்பச்சை; அது மென்பொருளுக்கு வேறு நிறம்.

எமது துணிபு: காசைத் துணியில் போடாதீர், விளக்கில் போடுங்கள். துணிக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, முகத்துக்குத் தனியே ஒன்று. துணி முழுதும் ஒரே பச்சையாகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. செல்போன் திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுவதும் அவசியம். இல்லையேல் கையசைக்கும்போதெல்லாம் பச்சை மாறும்.

முடியோரம் பிசிறடிப்பதற்கு மட்டும் யாரையும் நோக வேண்டாம். செல்போன் வீடியோ வெளிச்சத்தை முழுதாகவும் நிறத்தை நான்கில் ஒரு பங்கு நுணுக்கத்திலும்தான் பொதுவாகப் பதிகிறது. இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் ஸ்டுடியோவில் ‘சிமிலாரிட்டி’யைக் கூட்டிப் பிசிறை ஒழிக்கப் பார்ப்பவர், பிசிறோடு காதையும் இழப்பார்.

ஊடல் பெரும்பாலும் படப்பிடிப்புக்குப் பிறகே தொடங்கும். மடித்து வைக்காத பச்சைத்துணி சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குப் போகும். அதன்மேல் கூழ்வடகம் பிழியப்படும். ‘சும்மா கிடந்த துணிதானேடா’ என்பது அம்மா தரப்பு. துவைத்தும் போகாத வெள்ளைத் தடத்தை மென்பொருள் அழிப்பதில்லை. அடுத்த காணொளியில், பாரிஸ் வானில் பேசுபவரின் தோளுக்கு மேலே ஒரு வடகம் மிதந்துகொண்டிருக்கும்.