காட்ரோட்டுக்குக் கீழே, மேலே

மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டிக்காரர் ஒருவர் மேலே கொடைக்கானலில் வீடு கட்டினால் முதல் கவலை வெந்நீர். "ஹீட் பம்ப் போடுங்கண்ணே, கரண்ட் பில் மூணுல ஒண்ணாயிரும்" என்பார் கடைக்காரர். பொய்யில்லை. ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட சங்கதிதான் அது: சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சி, கம்ப்ரஸரில் அழுத்தி, தண்ணீருக்குள் தள்ளும். ஆனால் உறிஞ்சக் காற்றில் சூடு வேண்டுமே!

அது ஏராளமாக இருப்பது கெங்குவார்பட்டியில். சித்திரையில் அங்கே மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கையைச் சுடும், மெஷினுக்கு வேலையில்லை. வேலை இருப்பது 2,100 மீட்டர் உயரத்தில். அங்கே மார்கழி விடியலில், சூட்டை உறிஞ்சும் காயிலில் உறைபனி படியும். மெஷின் முதலில் தன் குளிரைப் போக்கிக்கொள்ளும். முடியாதபோது உள்ளேயிருக்கும் சாதா ஹீட்டரைப் போட்டுவிடும். விலை ஹீட் பம்புக்கு, பில் கீசருக்கு. வீட்டுக்குள் மாட்டினாலோ, குளிர்காற்றை அறைக்குள்ளேயே ஊதித்தள்ளும். கொடைக்கானலில் ஏசி போட்ட பெருமையும் சேரும்.

வழி இல்லாமலில்லை. வெளியே மாட்டி, பெரிய டேங்காக வாங்கி, உச்சிவெயிலில் ஓடவிட்டால் நன்றாகவே உழைக்கும். அந்த நேரத்தில் கரண்ட் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.