டிராயருக்குள் ஒரு மாம்பழம்

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு மண்ணரிப்பு பற்றி ப்ராஜெக்ட். படமெல்லாம் போட்டு முடித்ததை முந்தின இரவே நான் பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தேன். காலையில் ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பியவள், “அப்பா, பென்டிரைவ் எங்க?” என்றாள். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “டிராயர்ல பாரும்மா” என்றேன்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். கையில் ஏ4 தாளில் சுற்றி, மூன்று இடத்தில் ஸ்டேப்ளர் அடித்த பொட்டலம். மருந்துக் கடையில் சில பொருள்களை மட்டும்தான் இவ்வளவு மரியாதையாகச் சுற்றிக் கொடுப்பார்கள்.

“இது பென்டிரைவ் இல்லையாம்ப்பா. கடை அண்ணா உங்களையே வரச் சொன்னாங்க.”

பிரித்தேன். பிரித்த வேகத்திலேயே மூடினேன். மாம்பழ வாசனை அதற்குள் ஹாலுக்குப் போய்விட்டது.

கதை ஆறு மாதம் முன்பு தொடங்குகிறது. துபாயில் இருக்கும் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஊருக்கு வந்திருந்தார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் தினம் ஒன்று பற்றவைக்கும் ரகசியம் அவருக்குத் தெரியும். தனியாக அழைத்துப் போய் விரல் நீளத்தில் ஒரு பொருளைக் கையில் திணித்தார். “மாப்ள, சிகரெட்டை விட்டுட்டு இதைப் புடிங்க. வெறும் நீராவிதான்.” எப்படிக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். மாம்பழ ஜூஸ் குடித்த அடுப்புக்கரி மாதிரி இருந்தது. டிராயரில் போட்டுவிட்டு மறுபடி தண்ணீர்த் தொட்டிக்கே போய்விட்டேன்.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். போன மாதம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். “பிள்ளைங்க பையை அடிக்கடி பாருங்க. இப்ப பேனா மாதிரி, பென்டிரைவ் மாதிரியெல்லாம் சிகரெட் வருது” என்று தலைமையாசிரியை சொன்னபோது பலமாகக் கைதட்டியவன் நான். அன்று முதல் இரவுதோறும் மகளின் பையைச் சோதனை போட்டேன். கிடைத்தவை: பாதி கடித்த கொய்யா, நான்கு ரப்பர், மூடியில்லாத ஒன்பது பேனா, அடியில் ஒரு மாதமாக ஊறிக்கொண்டிருந்த சப்போட்டா. பைக்கும் டிராயருக்கும் நடுவே நான்கடி தூரம். அந்தப் பக்கம் சோதனை போட எனக்குத் தோன்றவே இல்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர் நல்ல மனிதர். கூட்டம் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார். “சார், பாப்பா சொருகப் பாத்துச்சு, சேரல. வாயில வைக்கிற பக்கத்தைப் போயி சொருகுது. காலேஜ் பசங்ககிட்ட பாத்திருக்கேன் சார், அதான் தெரிஞ்சுது.” நான் மச்சானைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். “எல்லாரும் மச்சான்னுதான் சார் சொல்றாங்க” என்றார்.

எங்கள் காலத்தில் கண்டுபிடிப்பது எளிது. அம்மா சட்டைக் காலரை மோந்து பார்ப்பார். பையில் தீப்பெட்டி இருந்தால் தீர்ந்தது. கொய்யா இலை, கிராம்பு, களிப்பாக்கு என்று எதை மென்றாலும் அம்மாவின் மூக்கிடம் எடுபடாது. இந்த இ-சிகரெட்டிலோ நெருப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. பேட்டரி ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்க, நிகோட்டின் கலந்த திரவம் ஆவியாகிறது. மச்சான் சொன்ன நீராவி இட்லிப் பானையில் வருவது. இதில் வருவது நிகோட்டின் ஏறிய நுண்துளி. அதுவும் மாம்பழம், தர்பூசணி, பபிள்கம் என்று விதவிதமான வாசனையில். மே மாதத்தில் வீட்டில் மாம்பழம் மணந்தால் எந்தத் தாய் சந்தேகப்படுவாள்? அதிருக்கட்டும், பபிள்கம் வாசனை வேண்டும் என்று எந்த ஐம்பது வயது ஆசாமி அழுதான்? யாருக்காகச் செய்கிறார்கள் என்பது அந்த வாசனையிலேயே தெரிகிறது.

2003-ல் இதை உருவாக்கிய சீன மருந்தாளுநர் ஹான் லிக்கின் தந்தை நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். சிகரெட்டை விடத்தான் அவர் இதைச் செய்தார். பத்து வருடம் கழித்து, இரண்டையும் பிடிப்பதாக அவரே பேட்டி கொடுத்தார். என் டிராயரும் தண்ணீர்த் தொட்டியும் நினைவுக்கு வந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அன்றிரவு சட்டத்தைப் படித்தேன். ஆறுதல் போய்விட்டது. 2019 செப்டம்பர் 18 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இ-சிகரெட்டுக்குத் தடையை அறிவித்தார். விற்றாலும் இறக்குமதி செய்தாலும் முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை, அல்லது ஐம்பதாயிரம் வரை, அல்லது இரண்டும். ஒரே ஒன்று இருந்தால் அது இருப்பா என்று வக்கீல் நண்பனைக் கேட்டேன். “பொண்ணு எடுக்கிற இடத்துல வச்சிருந்தியே, அதுக்கு என்ன செக்ஷன்னு மொதல்ல பாரு” என்று போனை வைத்துவிட்டான்.

பார்த்தேன். சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவு: குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். வியர்த்துவிட்டது. என்னை நினைத்து மட்டுமல்ல. ஒன்பது வயதில், “ரெண்டு சிசர்ஸ், மீதிக்கு கமர்கட்” என்று என்னைப் பெட்டிக்கடைக்கு அனுப்பியவர் என் அப்பா. கடைக்காரர் என் கையில் சிகரெட்டைக் கொடுத்து, தொங்கும் கயிற்று நெருப்பில் கமர்கட்டைக் காட்டிவிடாதே என்று எச்சரித்தும் அனுப்புவார். குழந்தை நலனில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

மனைவியின் விசாரணை சுருக்கமானது. “என்னங்க, பொண்ணு இதை வாயில வச்சிருந்தா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வயதில் நிகோட்டின் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது, வளர்கிற மூளையையும் பாதிக்கும். பக்கத்து வீட்டிலிருந்து தினமும் வரும் இரண்டு வயதுப் பயலுக்கோ அந்தத் திரவம் வயிற்றில் போனாலே விஷம். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் டிராயரில் போட்டிருந்தேன்.

தொலைக்கலாமென்றால் வழியில்லை. உள்ளே லித்தியம் பேட்டரி. குப்பையில் போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கலாம், குப்பை பிரிக்கிற பெண்ணின் கையில் திரவம் படலாம். சட்டம் வந்தபோது கையிருப்பு வைத்திருந்தவர்கள் பட்டியல் எழுதி அதிகாரியிடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தது. நானும் வெள்ளைத் தாளில் எழுதினேன்: ‘1. மாம்பழம் – ஒன்று.’ இதைக் காவல் நிலையத்தில் யார் கையில் கொடுப்பது?

கொடுத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் பட்டியலை இரண்டு முறை படித்தார். “யார் சார் கொடுத்தது?” என்றார். மச்சான் என்றேன். அவரும் ஜெராக்ஸ் கடைக்காரரைப் போலவே பார்த்தார்.

மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். அங்கே மகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். “அம்மா இனிமே இங்கதான் படிக்கச் சொன்னாங்க” என்றாள். டிராயர் சாவி இப்போது மனைவியிடம்.

துபாய், சிங்கப்பூர் முதலான தேசங்களில் வாழும் மச்சான்மார்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை வரும்போது பேரீச்சம்பழம் போதும்.