எங்கள் பேரில் பத்து குண்டே

கோலார் தங்கவயலில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. ஆனால் யார் பேரிலும் ஓரடி மண் இருந்ததில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை எடுத்தபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முதலில் மூங்கில் தட்டி வீடு, பிறகு லைன் வீடு: ஓர் அறை, ஓர் அடுப்படி, வாசலில் கொஞ்சம் திண்ணை. பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் தெருக்குழாயில் வரும். அப்பா சம்பளத்தைப் பங்கு பிரிக்கும்போது அரிசிக்கும் சீட்டுக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஒதுக்குவார்; நிலத்துக்கென்று ஒதுக்கியதே இல்லை. வீடு கம்பெனியுடையது, வேலை இருக்கும்வரை இருக்கும் என்றே நம்பினோம்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். லைன் வீடுகளில் தங்கிவிட்டவர்கள் அவற்றைத் தங்கள் பேருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எங்களைப் போன்றவர்கள் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் பிழைக்கப் போனோம்.

இன்று, சனி ஞாயிறு வந்து தங்க பேத்தமங்கலம் பக்கம் ஒரு சின்ன வீடு கட்டக் கணக்குப் போடுகிறேன். விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்குவதைக் கர்நாடகத்தின் 1961ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தடுத்து வைத்திருந்தது. 2020இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையும் அந்த வழியாகவே போவதால், விலை இப்போது குண்டே கணக்கில் பேசப்படுகிறது. நாற்பது குண்டே ஓர் ஏக்கர். என்னால் முடிவது பத்து.

கையில் உள்ளதை ஐந்து பங்காக்கினேன். இரண்டு பங்கு நிலத்துக்கு. ஒரு பங்கு பத்திரத்துக்கும் வேலிக்கும்: முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமே விலையில் 7 சதவீதத்தைத் தாண்டும். சர்வே எண்ணில் ஒரு துண்டை மட்டும் வாங்குவதானால் அந்தத் துண்டைப் பிரித்துக் காட்டும் சர்வே வரைபடமான 11இ நக்ஷா வேண்டும். பஹணி என்கிற நில உரிமைப் பதிவேட்டையும் வில்லங்கச் சான்றையும் வக்கீலிடம் காட்ட வேண்டும். வேலிக்கு உள்ளூர்க் கல் கம்பம் போதும்.

நான்காவது பங்கு தண்ணீருக்கு. கோலார் மாவட்டத்தில் ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டும் புழுதி மட்டுமே வந்த நிலங்கள் நிறைய. அதனால் போரை நம்பிக் கணக்குப் போடவில்லை. இங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். 450 சதுர அடிக் கூரையில் விழுவதைத் தொட்டியில் பிடித்தால் இருபதாயிரம் லிட்டர் தேறும். வாரக்கடைசியில் மட்டும் வருகிற குடும்பத்துக்கு அது போதும்.

மிச்சமிருக்கும் ஒரு பங்கில்தான் வீடு. மனையாக மாற்றாத நிலத்தில் பண்ணை வீடு பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பத்து குண்டேயில் அது ஒரு குண்டே, அதாவது 1,089 சதுர அடி. அதில் பாதிகூட எனக்கு வேண்டாம். பூச்சில்லாத சைஸ் கல் சுவர், மேலே ஓடு, ஓர் அறை, ஓர் அடுப்படி, திண்ணை. அந்த அளவில் எங்கள் வீட்டில் எத்தனை பேர் வளர்ந்தோம்! இடம் போதவில்லை என்று அம்மா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

மேஸ்திரியைப் பார்க்கும் முன்பே நான் தீர்மானித்த ஒன்று உண்டு. மலிவாக வரும் சில துண்டுகள் தலித், பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த நிலமாக இருக்கும். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் அனுமதியில்லாமல் அவற்றை விற்றால் அந்த விற்பனை செல்லாது. இதைச் சுற்றிப் போக வழி சொல்லும் தரகர்கள் உண்டு. சட்டம் விட்டாலும் அந்த நிலம் எனக்கு வேண்டாம். சொந்த மண் இல்லாமல் மூன்று தலைமுறை இருந்துவிட்டு, முதன்முதலாக மண் பார்த்த இன்னொரு குடும்பத்தின் கையிலிருந்து அதை வாங்க மாட்டேன். விலை கூடினால் பத்து குண்டே ஐந்தாகட்டும்.