மறைப்புச் செடியும் விடுப்பும்: தெமட்டகொடைப் பின்வளவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பின்வளவை அடுத்த வீட்டார் கண்ணிலிருந்து மறைக்க எந்தச் செடி நல்லது என்ற வினாவுக்கு இதுவரை கிடைத்த விடைகளெல்லாம் தோட்டக்காரர் சொன்னவை: எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு உயரம், எத்தனை மாதத்தில் வளரும். அந்த அளவுகோலையே இக்கட்டுரை மறுக்கிறது. பார்த்தவர் தாம் பார்க்கவில்லை என்று சாதிக்கவும், பார்க்கப்பட்டவர் அதை நம்பியவர்போல நடக்கவும் எந்தச் செடி அதிகம் இடம் தருகிறதோ அதுவே சிறந்த மறைப்புச் செடி. சான்றுக்கு யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலி இருக்கிறது. கிளுவையையும் பூவரசையும் கதியாலாக நட்டு, ஆள் உயரத்துக்குக் கிடுகு வைத்து அடைத்த வேலி அது. ஆனாலும் பொட்டில்லாத வேலி அபூர்வம். அந்தப் பொட்டு வழியே விடுப்புப் பார்த்ததாக எவரும் ஒப்புக்கொள்வதில்லை. எல்லோரும் கோழி தேடி வந்தவர்களே. வேலியின் வெற்றி கிடுகில் இல்லை, கோழியில் இருக்கிறது.

இந்தக் கொள்கையைச் சோதிக்கத் தெமட்டகொடை நல்ல களம். கொழும்பு 9இல் காணியைப் பேர்ச்சில் அளக்கிறார்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஆறு பேர்ச் காணியில் வீடு எடுத்தது போக மிஞ்சுவது, ஓர் உடுப்புக் கொடிக்கும் ஒரு தண்ணீர்த் தாங்கிக்கும் போதுமான இடம். அதற்கு மேலே தொடர்மாடிகள். பேஸ்லைன் வீதிப் பக்கம் 2001இல் எழுந்த சஹஸ்புர 12 மாடிகளைத் தாண்டியது. பின்னால் வந்தவையும் குட்டையானவை அல்ல. இனிக் கணக்குக்கு வருவோம். 120 அடி உயரத்து பல்கனியில் ஒருவர் நிற்கிறார். கட்டடம் மதிலுக்கு 50 அடி அப்பால். மதிலுக்கு 10 அடி இப்பால் ஐந்தடி உயரமுள்ள அம்மா ஒருவர் உடுப்புக் காயப்போடுகிறார். அவர் தலை மறைய மதிலோரம் 24 அடி மரம் வேண்டும் என்கின்றன சாதாரண தரத்து இயல்பொத்த முக்கோணிகள். நெட்டிலிங்கம் அந்த உயரத்தைத் தாராளமாகத் தரும். ஆனால் அந்த வரிசை மேற்கே நின்றால் மாலை வெயிலையும் மறைக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் அரை நாளில் காயவேண்டிய உடுப்பு இரண்டு நாள் கொடியில் கிடக்கும். மறைக்க நட்ட மரம் காட்சி நேரத்தை நாலு மடங்காக்குகிறது! மேலும், 120 அடிக்கு மேலிருப்பவருக்குத் தெரிவது நிறங்கள் மட்டுமே. யாருடைய சட்டை என்று தெரியாத இடத்தில் விடுப்பு உண்டாகாது. ஆபத்து பத்தடிக்குள் இருக்கும் அடுத்த வீட்டாரே.

அடர்த்தியை நம்பியோரின் கதையும் நன்றாக முடியவில்லை. இங்கிலாந்தில் லேலண்ட் சைப்ரஸ் வேலிகளால் அயலார் சண்டை முற்றி, 2003ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட உயர் வேலிகளுக்கென்று தனிப் பகுதியே எழுத வேண்டியதாயிற்று. நம் ஊரில் மூங்கிலைச் சிபாரிசு செய்வோர் உண்டு. வெட்டிய மூங்கில் கட்டையில் மழைநீர் தேங்கும், அதில் நுளம்பு முட்டையிடும். 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்ட 2017ஐ நினைவில் வைத்திருக்கும் நாட்டில், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தோடு பி.எச்.ஐ. ஐயா பின்வளவுக்கே வந்துவிடுவார். அவர் பார்வையைத் தடுக்கும் செடி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆகவே வேண்டியது, அருகில் வந்து நிற்க அடுத்த வீட்டாருக்கு நியாயமான காரணம் தரும் செடி. செவ்வரத்தை ஓரளவு தேறும். விடியற்காலையில் அதனடியில் நிற்பவர் பூசைக்குப் பூப் பறிக்கிறார். ஆனால் முஸ்லிம், சிங்கள, தமிழ்க் குடும்பங்கள் மதிலுக்கு மதில் அடுத்திருக்கும் தெமட்டகொடையில் இது ஒரு வீட்டாருக்கு மட்டுமே சாட்டு. கறிவேப்பிலை அப்படியல்ல, எல்லாக் குசினியிலும் அது வேண்டும். 'ஒரு நெட்டுக் கறிவேப்பிலை' என்று வந்தவரைச் சந்தேகிக்க எந்த மதத்திலும் இடமில்லை. அது ஐதான செடி, எதையும் மறைக்காது என்பார்கள். நுனி முறிக்க முறிக்கக் கறிவேப்பிலை பக்கக் கிளை விட்டு அடர்கிறது. அதாவது விடுப்புக்கு வருவோர் கூடக்கூட மறைப்பும் கூடுகிறது. வேறெந்த வேலிக்கு இந்தக் குணம் உண்டு? வேரிலிருந்து கன்று கிளம்பி மதிலுக்கு அடியால் அப்பால் போகுமே என்பது வலுவான ஆட்சேபம். போகட்டும். அங்கே முளைத்த கன்றிலிருந்து இலை கேட்டுப் போகும் உரிமை அப்போது நமக்கும் வந்துவிடுகிறது. அவர்கள் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்பதும் தெரியவேண்டிய விடயந்தானே.

நட விரும்புவோர் மதிலிலிருந்து இரண்டடி தள்ளி, அடுத்த வீட்டுக் குசினி யன்னலுக்கு நேராக நடவும்.