ஏர் புடிச்சிருக்குமுங்க

சனிக்கிழமை காலையில் என் வண்டிக்கு வைத்தியம் சொன்னவர்களில் கடைசி ஆள், கேஸ் சிலிண்டர் போட வந்த பையன். தோளில் நிறை சிலிண்டர். அதை இறக்கி வைக்கக்கூட இல்லை. திறந்து கிடந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "ஏர் புடிச்சிருக்குமுங்ணா" என்றான். சிலிண்டரை உள்ளே வைத்தான், பணம் வாங்கினான், போய்விட்டான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். ராத்திரி நிறுத்திய பழைய டீசல் பிக்கப் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் முக்குகிறதே, காற்று எந்த ஓட்டை வழியாக உள்ளே போகிறது, அதை மெக்கானிக்கிடம் போகாமல் வீட்டு வாசலிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று உருப்படியாக நாலு வார்த்தை சொல்லலாம் என்றுதான். சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தப் பையன் விவகாரத்தை முடித்துக்கொள்கிறேன்.

வண்டி டாடா மொபைல் 206. 1988இல் வந்த மாடல். கம்பெனிக்கு அப்போது டெல்கோ என்று பேர். இதை வைத்துத்தான் 1991இல் சியராவைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ரோட்டில் பழைய சியராவைப் பார்த்தால் இறங்கி நின்று போட்டோ எடுக்கிறார்கள். அதன் அண்ணனைப் பார்த்தால், "எடைக்குப் போட்டா என்னங்க கிடைக்கும்?" என்கிறார்கள். வண்டிமேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இத்தனை வருஷம் தேங்காயும் சிமென்ட்டும் சுமந்த உடம்பில் ரப்பர் ஹோஸ் விறைத்துப் போவதும் வாஷர் தேய்வதும் ஞாயம்தான். குறையெல்லாம், பானெட்டைத் தூக்கியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறவர்கள் மேல்.

கோயம்புத்தூரில் இது கொஞ்சம் ஜாஸ்தி. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸை விட்டு ஆரம்பித்து, மோட்டார், ஷேவிங் ரேசர் என்று கை வைத்ததையெல்லாம் செய்து காட்டிய ஜி.டி. நாயுடுவின் சீமை இது. 1974இல் அவர் காலமானபோது தன் மூளையை ஊருக்குப் பாகம் பிரித்து எழுதி வைத்துவிட்டுப் போனதாக இங்கே ஆளாளுக்கு நினைப்பு. எனக்கும்தான்.

முதலில் வந்தவர் பால்காரர். மொபெட்டிலிருந்து இறங்கவில்லை, ஒரு காலை மட்டும் ஊன்றினார். "ஏர் புடிச்சிருக்குமுங்க." போய்விட்டார். அடுத்து அயர்ன் வண்டிக்காரர். அவர் கொஞ்சம் பொறுப்பானவர். செல்ஃப் அடிக்கச் சொல்லி, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டு, கண்ணை மூடி, திறந்து, "ஏருங்க" என்றார். மூன்றாம் வீட்டு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் நேராக விடை சொல்ல மாட்டார். "டீசல் எஞ்சினுக்கு பிளக் உண்டா, இல்லையா?" என்று என்னைக் கேட்டார். உண்டு என்றால், "தீப்பொறி பிளக் ஏது?" என்பார். இல்லை என்றால், "அப்ப ஹீட்டர் பிளக் என்னாச்சு?" என்பார். நான் வாயைத் திறக்கவில்லை. தானே கேள்வி கேட்டு, தானே மார்க் போட்டு, கடைசியில் அவரும் ஏருக்குத்தான் வந்து சேர்ந்தார்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மேல்வீட்டு அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஏர் எடுத்துப் பார்த்தீங்களா?" அவர் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஆனால் அண்ணன் நாமக்கல்லில் லாரி வைத்திருக்கிறார். அந்த ரத்தம். கையோடு அண்ணனுக்கு வீடியோ கால் போட்டார். அண்ணன் நாக்பூர் பக்கம் ஏதோ ஒரு தாபாவில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சப்பாத்தி தின்றுகொண்டிருந்தார். அம்மா மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே போனை நீட்டி, மேலிருந்தபடியே என் எஞ்சினைக் காட்டினார். எனக்குக் கீழே நின்று பார்த்தே டீசல் ஃபில்டர் சரியாகத் தெரியவில்லை. நாக்பூருக்குத் தெரிந்துவிட்டது. "ஏர்தான் பாப்பா, சொல்லீரு" என்று தாபாவிலிருந்து தீர்ப்பு வந்தது. பின்னால் கிளீனர் பையன் ஒருத்தன் தலையாட்டியதையும் பார்த்தேன்.

இதோடு விட்டார்களா? முக்குப் பிள்ளையார் கோயில் பூசாரி வந்தார். வண்டிக்குத் திருஷ்டி என்று சொல்வார், ஒரு மாறுதலாக இருக்கும் என்று ஆசையாகக் காத்திருந்தேன். பேட்டரிமேல் விபூதியைப் பூசினார். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்ததற்கும் விபூதிக்கும் அப்புறம் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை மூடி முணுமுணுத்தார். திறந்தார். "கொஞ்சம் ஏர் இருக்குமுங்க தம்பி" என்றார்.

ருடால்ஃப் டீசலைத்தான் நினைத்துக்கொண்டேன். மனிதர் காற்றை நம்பி வாழ்ந்தவர். காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும், பொறியே வேண்டாம் என்பதுதான் அவருடைய வித்தை. 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டியும் காட்டிவிட்டார். சிலிண்டருக்குள் காற்று இருந்தால் அமிர்தம். அதே காற்று டீசல் குழாய்க்குள் போனால் எஞ்சின் படுத்துவிடும். 1913 செப்டம்பர் 29ஆம் தேதி ராத்திரி ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கப்பலில் ஏறியவர், விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். ஏன் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. டெக்கில் பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏதோ சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எரிச்சலின் அசல் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அத்தனை பேர் சொன்னதும் சரி. ஏர்தான். டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஏதோ ஒரு மூட்டு லேசாகக் காற்று இழுக்கிறது. ராத்திரி முழுக்க டீசல் மெல்லப் பின்வாங்கி டேங்குக்கே போய்விடுகிறது. இழுக்கிற பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டு கசியாது. துணியை வைத்துத் துடைத்தால் துணி காய்ந்தே வரும். "சரிங்க, ஏர்தான். எந்த வழியா வருதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அது பார்க்கணுமுங்க" என்பார்கள். பார்ப்பதற்கு யாரும் குனிய மாட்டார்கள்.

ஏர் எடுப்பது ஒரு ஆள் வேலை என்று எவன் சொன்னான்? ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்திக் கைப்பம்ப்பை அடிக்க வேண்டும். முதலில் புஸ்ஸென்று வெறும் காற்று. அப்புறம் நுரை. நுரைக்குள் குண்டூசித் தலை அளவுக்குக் குமிழ்கள். அடிக்க அடிக்கக் குமிழ் குறைந்து, ஒரு கட்டத்தில் தெளிந்த டீசல் விரல் இடுக்கில் வழிந்து முழங்கை வரை வரும். அந்த நொடியில் பம்ப்பை அமுக்கிப் பிடித்தபடியே ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். பம்ப்புக்கு ஒரு கை, ஸ்க்ரூவுக்கு ஒரு கை, டார்ச்சுக்கு ஒரு கை. "கொஞ்சம் பம்ப் அடிக்கிறீங்களா?" என்று கேட்டதும் ஹெட்மாஸ்டருக்கு மாத்திரை ஞாபகம் வந்தது. அயர்ன்காரருக்குப் பெட்டி காய்ந்துகொண்டிருந்தது. நாக்பூரில் சிக்னல் போய்விட்டது.

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. மருதமலை ரோட்டில் எவனாவது பானெட்டைத் தூக்கியிருந்தால் என் கால் தானாக பிரேக்குக்குப் போகும். எலக்ட்ரிக் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நின்ற ஒரு பெண்ணிடமும் அதையே சொல்லியிருக்கிறேன். "டயர்லயா அங்கிள்?" என்று கேட்டாள். ஆனால் யாராவது கேட்டால் நான் பம்ப் அடிப்பேன். யாரும் கேட்டதில்லை, அது வேறு.

குழாய் மூட்டுகளிலுள்ள செம்பு வாஷர்களைக் கழற்றி அடுப்படிக்கு எடுத்துப் போனேன். செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும். முறுக்கும்போது புதுசாட்டம் பதிந்து உட்காரும். இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரி வந்தாள். டீசல் வாசத்தில் மூக்கைச் சுளித்தாள். "அந்த இடுக்கிய இனிமே நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி, "ஏருங்களா?" என்றாள்.

மிச்சமிருப்பது, குழாயில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி டியூபைக் கோத்துக் குமிழ் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பது. முதலில் சொல்லவந்ததே அதுதான். டியூப் வாங்கி வைத்தாயிற்று. கழற்ற வேண்டிய போல்ட்டுக்கு 17 வேண்டும். என் 17-19 ரிங் ஸ்பேனரை எதிர்வீட்டுக்காரர் தண்ணி மோட்டாரைக் கழற்ற வேண்டுமென்று வாங்கிக்கொண்டு போனார். மோட்டார் ஓடுகிறது, தினமும் சத்தம் கேட்கிறது. ஸ்பேனரைக் கேட்டால், "இங்கதாங்க எங்கியோ பார்த்தேன்" என்கிறார்.