மிதக்கும் பிரான்ஸ்

கடலுக்கு நியாயம் எழுத யாரைக் கூப்பிடுவது? வலை வீசுகிறவனையா, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனையா? சேச்சே! பீரங்கிக் கப்பலில் சம்பளம் வாங்குகிறவரைவிட நடுநிலையாளர் உண்டா?

1840களின் நடுவில் பாரிஸில், கடலின் பன்னாட்டு விதிகளையும் ராஜதந்திரத்தையும் பற்றி இரண்டு பாக நூல் வந்தது. எழுதியவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி தியோடர் ஒர்த்தொலான். கூரிய படிப்பாளி, அதை மறுக்கவில்லை. போர்க்கப்பல் எந்தத் துறையில் நின்றாலும் அது தன் நாட்டு மண்தான் என்று வாதாடினார். உள்ளூர்க்காரன் அதில் அதிகாரம் செலுத்த முடியாது. சரி ஐயா, அந்த உள்ளூர்க்காரனின் மண் யாருடையது?

இதற்கு விடையைப் புத்தகம் அச்சேறுமுன்பே தாஹிட்டியில் எழுதிவிட்டார்கள். 1842 செப்டம்பரில் அட்மிரல் துப்பெத்தி-துவார் பபீட்டே துறையில் வந்து நின்றார். பிரெஞ்சுக்காரர்களுக்கு அங்கே அநீதி நடந்ததாம். 10,000 பியாஸ்தர் பிணைத்தொகை வை என்றார். காசில்லாத தீவு, பிரான்சின் 'பாதுகாப்பை' வேண்டிக் கையெழுத்துப் போட்டது. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்காதீர்கள். ராஜதந்திரம் தெரியாத பட்டிக்காடு என்பார்கள். வேலி பயிரை மேய்ந்தது பழைய கதை. இங்கே மேய்ச்சலுக்கு இலக்கணமும் வேலியே எழுதியது.

மறு ஆண்டு, தாஹிட்டி ராணி நான்காம் பொமாரே தன் கொடியை இறக்க மறுத்தாள். சொந்த ஊரில் சொந்தக் கொடி! என்ன திமிர்! அதையே சாக்காக்கி, தீவையே பிரான்சின் சொத்தென்று அறிவித்தார் அட்மிரல். பாரிஸ் அரசு கௌரவத்தோடு அந்த இணைப்பை மறுத்தது. 'பாதுகாப்பை' மட்டும் விடவில்லை. தீவு மக்கள் 1844இலிருந்து 1846 வரை போரிட்டுச் செத்தார்கள். இதற்கிடையே பிரிட்டிஷ் தூதராக இருந்த பிரிட்சார்டைப் பிடித்து அடைத்து, நாடு கடத்தியதற்காக லண்டன் கொதித்தது. உடனே பிரான்ஸ் அவருக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அவர் வெள்ளைக்காரர், பின்னால் பெரிய கப்பற்படை இருந்தது. தாஹிட்டியின் பிணங்களுக்கு அப்படியொரு படை இல்லை.

ஒர்த்தொலானின் நூல் வந்தபோது பிரான்சின் கடற்படை அமைச்சர் யார் தெரியுமா? பாரோன் மக்கோ. 1825இல் 14 போர்க்கப்பல்களின் பலத்தில் ஹைட்டிக்குப் போனவர். அடிமைத்தளையை அறுத்தெறிந்தவர்களிடம், பழைய பிரெஞ்சு எஜமானர்களின் 'நஷ்டத்துக்கு' 15 கோடி பிராங்க் தரச் சம்மதம் வாங்கி வந்தவர். அதைக் கட்டக் கடன் வாங்கி, கடனுக்கு வட்டி கட்டி, ஹைட்டி தலைநிமிர்ந்தபோது ஆண்டு 1947.